கோப்பு இலக்கம் 417: மாற்றமில்லை

முத்துலிங்கம் ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி ஒரு கடிதம் எழுதுவார். வெள்ளவத்தையில் காணி உறுதிகள் எழுதும் ஒரு நொத்தாரிசு கந்தோரில் முப்பது வருடமாகத் தட்டச்சு வேலை பார்ப்பவர் என்பதால், கடிதத்தில் இலக்கம், திகதி, பொருள் எல்லாம் அததற்குரிய இடத்தில் இருக்கும். பொருள் ஒருநாளும் மாறியதில்லை: "எனது தம்பி சுப்பிரமணியம் தர்ஷனைத் தேடுதல் தொடர்பாக." காணாமற்போனவர்களின் கோப்புகளை வைத்திருக்கும், கொட்டாஞ்சேனையிலுள்ள நிலைப்பதிவுகள் சபை, கடிதம் கிடைத்துப் பத்து நாளைக்குள் மஞ்சள் உறையில் பதில் அனுப்பும். பதிலும் ஒருநாளும் மாறியதில்லை. ஒரே ஒரு சொல்: "மாற்றமில்லை."

2011 தை, அதாவது ஜனவரி, தொடக்கம் நூற்று ஐம்பத்தேழு கடிதங்கள், நூற்று ஐம்பத்தேழு பதில்கள். சபையை நேர்மையில்லாத சபை என்று யாரும் சொல்ல முடியாது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று அது ஒருபோதும் எழுதவில்லை.

தர்ஷன் 2008 பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, தங்கியிருந்த லொட்ஜிலிருந்து பாண் வாங்கப் போனவர். வயது இருபத்துநான்கு. அவர் காலி வீதியைக் கடந்ததையும், அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேர் அவரோடு கதைத்ததையும், பிறகு அந்தப் பக்கத்தில் ஒருவருமே இல்லாததையும் கண்டவர் லொட்ஜ் முகாமையாளர் நிஸாம் நானா. கண்டதை அவர் தன் கையால் இரண்டு பக்கத்தில் எழுதி, ஒப்பமிட்டு, சபையிடம் கொடுத்தார். பிறகு காலமாகிவிட்டார். அந்த இரண்டு பக்கமும் கோப்பு இலக்கம் 417இல் இருக்கின்றன. உலகத்தில் வேறு எங்கும் இல்லை. பிரதி கேட்டு முத்துலிங்கம் ஒன்பது தடவை எழுதினார். சபையில் இருப்பதே பிரதிதான், பிரதிக்குப் பிரதி கொடுப்பது மரபல்ல என்று ஒன்பது தடவையும் பதில் வந்தது.

நூற்று ஐம்பத்தெட்டாவது கடிதத்துக்கு, 2024 மாசியில், ஒரு சொல் வரவில்லை. நான்கு பக்கம் வந்தது.

"என்னப்பா, தடிப்பா இருக்கு?" என்றாள் மனைவி சறோ. "ஏதும் தகவலே?"

"சுற்றறிக்கை."

"தம்பியைப் பற்றியோ?"

"டிஸ்க்கைப் பற்றி."

அவர் மேசையில் நேராக இருந்து உரத்து வாசித்தார். நொத்தாரிசு கந்தோரில் மூலத்தையும் பிரதியையும் ஒப்பு நோக்கும்போது ஒருவர் வாசிக்க மற்றவர் பார்ப்பது வழக்கம். அந்தக் குரல்தான் அவருக்கு வீட்டிலும்.

விஷயம் இதுதான். சபையின் கோப்புகள் எல்லாம் கொட்டாஞ்சேனைக் கட்டடத்தில், கடதாசியில் அல்ல, கணினி டிஸ்க்குகளில் மட்டும் இருக்கின்றன. ஒரு தீ, ஒரு வெள்ளம் வந்தாலும் அழிந்துபோகாமல் இருக்க, நாள்தோறும் அத்தனையையும் களனியிலுள்ள இரண்டாம் களஞ்சியத்துக்குப் பிரதி எடுப்பார்கள். ஒரு நாளைக்குப் பத்தொன்பது மணித்தியாலம் பிடிக்கும். மீண்டும் மீண்டும் எழுதி எழுதி டிஸ்க்குகள் தேய்ந்து, மாதம் இரண்டு மூன்று செத்துப்போகும். ஆகவே சபை "தேய்மானமற்ற துரிதப் பிரதியாக்கத் திட்டம்" ஒன்றை அறிமுகம் செய்கிறது. களனியில் புத்தம்புதிய களஞ்சியம் ஒன்று திறந்தாயிற்று. இனிமேல் எல்லாவற்றையும் பிரதி எடுக்கமாட்டார்கள். மாறியதை மட்டும் எடுப்பார்கள். பழைய டிஸ்க்குகள், இரண்டு இடத்திலும் உள்ளவை, மார்கழி முப்பத்தோராந் திகதி அரைத்துத் தூளாக்கப்படும்.

சறோ சுற்றறிக்கையை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப மாறாதது?"

முத்துலிங்கம் நான்கு பக்கத்தையும் முன்னும் பின்னும் புரட்டினார். மாறாததைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"சொல்லியிருக்கேல்லை," என்றார்.

"சொல்லாட்டி என்ன? தூள்தான்."

---

சபையின் மண்டபத்தில் ஏழு கவுண்டர்கள். ஏழும் திறந்திருந்ததை முத்துலிங்கம் கண்டதில்லை. எப்போதும் திறந்திருப்பவை மூன்றும் ஏழும். மூன்றாம் கவுண்டருக்கு முன்னால் மெத்தைக் கதிரைகள், ஒரு மின்விசிறி, ஒரு மேசையில் பிளேன்ரீ. மேலே பலகை: "நிலை மாற்றம்." காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ள வருகிறவர்களுக்கான இடம் அது. ஏழாம் கவுண்டருக்கு முன்னால் கதிரை இல்லை. பலகை: "ஏனையவை."

ஏழில் இருந்தவர் லுத்பியா. முப்பது வயதிருக்கும். முத்துலிங்கத்தின் கடிதங்களுக்கு அந்த ஒரு சொல்லை அச்சடித்து உறையில் போடுகிறவர் அவர்தான். அதனால் ஒருவகையில் நெடுநாள் பழக்கம்.

"அங்கிள், ஒங்கட ஃபைல்ல ஏதாச்சும் மாறினா தானா களனிக்குப் போவும். மாறல்லன்டா போவாது," என்றார் லுத்பியா.

"நான் மாதாமாதம் கடிதம் எழுதுறன் பிள்ளை. அது மாற்றமில்லையோ?"

"அது எப்பயும் வாறதுதானே? கடிதம் வராம நின்டாத்தான் மாற்றம்."

"தம்பிக்கு வயது கூடுது. போன முறை எழுதேக்க முப்பத்தொன்பது. இப்ப நாற்பது."

"வயசு தன்பாட்டுல கூடும். அத எடுக்க வாணாமென்டு செல்லி ஈக்கிது." அவர் குரலைத் தாழ்த்தினார். "காணாமப் போனவங்கட விபரத்த மாத்துறன்டா புது அத்தாட்சி வேணும் அங்கிள். அதுவும் ஒரு ஃபைலுக்கு வருஷத்துக்கு ஒரு மாற்றந்தான். கூட எழுதினா டிஸ்க் தேயுமாம். அத்தாட்சி இல்லாம செய்ய ஏலுமான மாற்றம் ஒன்டுதான் ஈக்கிது."

அவர் எந்த மாற்றம் என்று சொல்லவில்லை. மூன்றாம் கவுண்டரைப் பார்த்தார்.

அங்கே ஒரு அம்மா மெத்தைக் கதிரையின் நுனியில் இருந்தார். கையில் பேனை. முன்னாலிருந்த உத்தியோகத்தர் மிகவும் மரியாதையாக, எந்த இடத்தில் ஒப்பமிட வேண்டும் என்று விரலால் காட்டினார். ஒப்பம் விழுந்ததும் எங்கோ ஒரு மணி, கோயில் மணியைவிடச் சின்னது, ஒரு தரம் அடித்தது. மண்டபத்திலிருந்த உத்தியோகத்தர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள்.

"ஏன் தட்டுறியள்?"

"களனிக்குப் போய்ச் சேந்துட்டு. நாலு செக்கன்." லுத்பியா மட்டும் தட்டவில்லை. "முந்தி பத்தொம்பது மணித்தியாலம்."

அந்த அம்மாவுக்கு பிளேன்ரீ கொடுத்தார்கள். அவர் குடிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மணி எங்கே அடித்தது என்று தேடிக்கொண்டிருந்தார்.

---

சித்திரையில் திட்டத்தின் அங்குரார்ப்பண விழா நடந்தது. கோப்புக்குரியவர்கள் எல்லோரும் சமுகமளிக்க வேண்டும் என்று மஞ்சள் உறையில் அழைப்பு வந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். பால் பொங்கவைத்தார்கள். பால் நல்லாய்ப் பொங்கி அடுப்பை அணைத்தது. மண்டபத்தின் நடுவில், குளிர்சாதனப் பெட்டி அளவில், பச்சை நிற இயந்திரம் ஒன்று பூமாலையோடு நின்றது. அதுதான் அரைக்கும் இயந்திரம்.

சபையின் பணிப்பாளர் இராஜநாயகம் பேச எழுந்தார். ஆறடி உயரம், வெள்ளை முழுக்கைச் சட்டை, நிறுத்தி நிறுத்திப் பேசும் குரல்.

"அன்பான கோப்புரிமையாளர்களே. பதினான்கு வருடமாக இந்தச் சபை ஒவ்வொரு நாளும் உங்கள் துயரத்தைப் பிரதி எடுத்தது. நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் இல்லாத துயரம். அதை எழுதி எழுதி எங்கள் டிஸ்க்குகள் தேய்ந்தன. இதுவரை முந்நூற்றுப் பதினாறு டிஸ்க்குகளை இழந்திருக்கிறோம். அவற்றைப் பற்றி யாராவது எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினீர்களா?"

மண்டபத்தில் ஒருவர் குற்ற உணர்ச்சியோடு தலையைக் குனிந்தார்.

"எங்கள் பொறியியலாளர் பிரசாந் எட்டு அம்சத் திட்டம் ஒன்றைத் தந்தார். உயர்மட்டக் குழு அதைப் பதினொரு அமர்வுகளில் ஆராய்ந்தது. இரண்டாம் அம்சம் முதல் எட்டாம் அம்சம் வரை அருமையானவை. முதலாம் அம்சத்தில்தான் தேய்மானம் முழுவதும் இருந்தது. அதை நீக்கினோம். நீக்கியவுடன் திட்டம் பூரணமானது. அதுமட்டுமல்ல. வரும் தை முதல், இரண்டு களஞ்சியங்களுக்கிடையில் எந்த வித்தியாசமும் இல்லாத நிலையை உலகிலேயே முதலாவதாக நாங்கள் எட்டுவோம். ஏனென்றால் அப்போது ஒன்றுதான் இருக்கும்."

கைதட்டல் எழுந்தது. பிறகு பழைய டிஸ்க் ஒன்றை வெள்ளித்தட்டில் கொண்டுவந்து இயந்திரத்தில் போட்டார்கள். அரிசி ஆலையில் கல் அகப்பட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. கீழேயிருந்த தட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடி விழுந்தது. பணிப்பாளர் அதை வாசலிலிருந்த அந்தூரியப் பூச்சாடியில் தன் கையாலேயே தூவினார்.

"அது ஆருடைய கோப்பு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். பதில் நிகழ்ச்சி நிரலில் இல்லை.

விழா முடிந்து, சிற்றுண்டிச்சாலையில் பொறியியலாளர் பிரசாந் தனியாக இருந்து பற்றீஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் பரிசாகப் போட்ட மாலை. முத்துலிங்கம் எதிரே போய் இருந்தார்.

"தம்பி, முதலாம் அம்சம் என்ன?"

பிரசாந் பற்றீஸைக் கீழே வைத்தார். "அங்கிள், மாறினதை மட்டும் அனுப்புறது நல்ல முறைதான். எல்லாரும் செய்யிறது. ஆனா அதுக்கு முதல் எல்லாத்தையும் ஒருக்கா முழுசாக் கொண்டுபோய் வைக்கவேணும். ஒரே ஒருக்கா. அதுக்குப் பிறகுதானே எது மாறினது எண்டு பார்க்கலாம்? அதைத்தான் முதலாவதா எழுதினனான்."

"அதை வெட்டிப்போட்டினம்."

"ஓம். தேயுமாம்."

"நீர் சொல்லேல்லையோ?"

"எழுத்தில குடுத்தனான் அங்கிள். 'குறிக்கப்பட்டது' எண்டு பதில் வந்தது. பிறகு இதைப் போட்டவை." மாலையைத் தொட்டுக் காட்டினார். ஒரு பூ உதிர்ந்து பற்றீஸின்மேல் விழுந்தது.

---

வழி சொன்னது லுத்பியாதான். அதுவும் வழி என்று சொல்லவில்லை. ஆடி மாதம் முத்துலிங்கம் பதினோராவது முறையாக ஏழாம் கவுண்டருக்கு முன்னால் நின்றபோது, தன்பாட்டில் கதைப்பதுபோலச் சொன்னார்: "படிவத்துல தேடுற ஆள்ட பேரும் விலாசமும் ஒரே பெட்டிலதான் ஈக்கிது. ஆறாம் பெட்டி. வீடு மாறின ஆக்களுக்கு அத்தாட்சி கேக்குறல்ல. கரண்ட் பில் போதும்."

முத்துலிங்கம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுமுன்பே சொன்னார்.

"சறோ, நாங்கள் வீடு மாறவேணும்."

"ஏன், வீட்டுக்காரன் ஏதும் சொன்னவனே?"

"கோப்பு மாறவேணும். கோப்பு மாறவேணுமெண்டா விலாசம் மாறவேணும்."

சறோ கையிலிருந்த அகப்பையோடு வந்து வாசலில் நின்றாள். "உங்களுக்கு விசரே? இருபத்திரண்டு வருஷம் இருந்த வீடு. கோயிலுக்கு நடந்து போறன். சந்தைக்கு நடந்து போறன். கடல்காத்து வருது. ஒரு கடுதாசிக்காக இதை விட்டிட்டுப் போறதோ? எங்கை போறது?"

"பாமன்கடை. பக்கந்தானே."

"பக்கமெண்டா இஞ்சையே இருக்கலாம்."

முத்துலிங்கம் மேசை லாச்சியைத் திறந்து நூற்று அறுபதுக்கு மேற்பட்ட மஞ்சள் உறைகளைத் திகதி ஒழுங்கில் மேசைமேல் அடுக்கத் தொடங்கினார். கட்டுவதற்கு நூல் தேடினார். சறோ பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குசினிக்குள் போய், நூலும் ஒரு பழைய பிஸ்கட் பெட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"அங்கை தண்ணி ஒழுங்கா வருமோ எண்டு முதல் கேளுங்கோ," என்றாள்.

ஆவணி ஒன்பதாந் திகதி பாமன்கடையில் இரண்டாம் மாடி வீடொன்றுக்குப் போனார்கள். தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. ஆவணி கடைசியில் மின்சாரப் பில் வந்தது. அதையும் படிவத்தையும் முத்துலிங்கம் ஏழாம் கவுண்டரில் கொடுத்தார். லுத்பியா தட்டினார். மணி அடித்தது. ஏழாம் கவுண்டருக்கு மணி அடித்தது அதுதான் முதல் தடவை என்பதால், கை தட்டுவதா விடுவதா என்று உத்தியோகத்தர்களுக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் முத்துலிங்கம் பஸ்ஸில் சிரித்துக்கொண்டு வந்தார். சிரிப்பு என்றால் பெரிய சிரிப்பில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீட்டுக்குப் போனார்.

---

ஐப்பசி ஏழாந் திகதியிட்ட கடிதம் களனியிலிருந்து வந்தது. உறை மஞ்சள் அல்ல, நீலம்.

*"திரு. சு. முத்துலிங்கம், பாமன்கடை. பொருள்: தாங்கள் காணாமற்போனமை. தங்களது கோப்பு (இல. 417) புதிய களஞ்சியத்தில் வெற்றிகரமாகச் சேர்க்கப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம். எனினும் தங்களைத் தேடுபவர் என்று எவரும் அதில் குறிப்பிடப்படவில்லை. இக்கடிதத் திகதியிலிருந்து தொண்ணூறு நாட்களுக்குள் தேடுபவர் ஒருவர் முன்வராவிடில், கோப்பு குளிர்நிலைக்கு மாற்றப்படும். தங்களது துயரத்தில் பங்குகொள்கிறோம்."*

முத்துலிங்கம் இரண்டு தரம் வாசித்தார். சறோ மூன்றாந்தரம் வாங்கி வாசித்தாள்.

"ஆர் காணாமற்போனது?"

"நான்."

"எப்ப?"

"திகதி போடேல்லை."

அடுத்தநாள் காலை அவர் கொட்டாஞ்சேனைக்குப் போனார். சபையின் வாசலில் காவலாளி அடையாள அட்டையை வாங்கி ஒரு கருவியில் காட்டினார். கருவி சிவப்பாக மின்னியது. காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாத்தயா, இதில நீங்க காணாமப் போயிருக்கு."

"அதைத்தான் சொல்ல வந்தனான்."

"காணாமப் போன ஆள உள்ள விட ஏலாது, மாத்தயா. வரவுப் புத்தகத்தில போடணும்." அவர் புத்தகத்தைத் திறந்து, பெயர் என்ற இடத்தில் முத்துலிங்கம் என்று எழுதினார். வந்த நேரம் என்ற இடத்தில் பேனையை வைத்து யோசித்தார். பிறகு "வரவில்லை" என்று எழுதினார்.

அரை மணித்தியாலம் கழித்து லுத்பியா வாசலுக்கு வந்து, இவர் காணாமற்போனவர் தொடர்பான தகவல் என்று சொல்லி உள்ளே அழைத்துப்போனார். தகவல்களை உள்ளே கொண்டுபோகத் தடையில்லை.

பணிப்பாளர் இராஜநாயகம் எழுந்து கை கொடுத்தார். கதிரை காட்டினார். அன்பாகத்தான் நடந்துகொண்டார். அந்த அன்புதான் முத்துலிங்கத்தைப் பயமுறுத்தியது. மூன்றாம் கவுண்டரில் விரலால் இடம் காட்டியவரின் அன்பும் இதே மாதிரித்தான் இருந்தது.

"நடந்தது மிகவும் எளிமையானது, திரு. முத்துலிங்கம். தேய்மானத்தைக் குறைக்க நாங்கள் வெற்றுப் பெட்டிகளை அனுப்புவதில்லை. மாறாத பெட்டிகளையும் அனுப்புவதில்லை. உங்கள் கோப்பில் ஆறாம் பெட்டி மட்டும் மாறியது, அது மட்டும் போனது. போய்ச் சேர்ந்த இடத்தில் முதலாவது வெற்றிடத்தில் அது உட்கார்ந்தது. பஸ்ஸில் ஏறினால் நாங்களும் அப்படித்தானே? முதலாம் பெட்டி என்பது காணாமற்போனவரின் பெயர்."

"ஐயா, நான் உங்களுக்கு முன்னால இருக்கிறன்."

"பார்க்கிறேன். தனிப்பட்ட முறையில் நம்புகிறேன் கூட. ஆனால் இந்தக் கதிரையில் நான் தனிப்பட்டவன் அல்ல."

"அப்ப கண்டுபிடிச்சாச்சு எண்டு போடுங்கோவன்."

"கண்டுபிடிக்கப்படுதல் ஒரு மாற்றம்." பணிப்பாளர் வருத்தத்தோடு தலையசைத்தார். "உங்கள் கோப்புக்குரிய இந்த வருட மாற்றம் ஆவணியில் பாவிக்கப்பட்டுவிட்டது."

"தையில?"

"தையில் தாராளமாக விண்ணப்பிக்கலாம், ஆறு மாதத்தில் முடிவு தருவோம். ஆனால் தை ஐந்தாந் திகதியோடு உங்களுக்குத் தொண்ணூறு நாள் முடிகிறது. குளிர்நிலைக்குப் போனவை மாறுவதில்லை. அதற்காகத்தான் குளிர்நிலை. அங்கே தேய்மானம் பூச்சியம்."

மேலே எங்கோ விசிறி ஒன்று ஓய்வில்லாமல் முனகியது. முத்துலிங்கம் தான் உண்மையில் கேட்க வந்ததைக் கேட்டார்.

"அப்ப தர்ஷன்? என்ர தம்பி? நிஸாம் நானா எழுதிக்குடுத்த ரெண்டு பக்கம்?"

பணிப்பாளர் கணினியைத் தன் பக்கம் திருப்பி, நிதானமாகத் தட்டிப் பார்த்தார்.

"அப்படி ஒருவர் புதிய களஞ்சியத்தில் இல்லை," என்றார். "இல்லாத ஒருவர் காணாமற்போக முடியாது. ஒருவகையில் உங்களுக்கு ஒரு பாரம் குறைந்தது. இனி உங்களைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும்."

அவரே கதவுவரை வந்து வழியனுப்பினார். ஒரு தேடுபவரைச் சேர்ப்பது மாற்றமாகக் கணிக்கப்படாது, வெற்றிடம் நிரப்புவதுதான், அதற்கு மணி மட்டும் அடிக்கும் என்றும் நினைவூட்டினார்.

---

"நான் தேடுறன்," என்றாள் சறோ. "என்ர பேரைப் போடுங்கோ. என்ர புருசனைத் தேட எனக்கு இல்லாத உரிமையே?"

"இரத்த உறவா இருக்கவேணுமாம். மனைவி இரத்த உறவில்லை."

"இருபத்தெட்டு வருஷம் சமைச்சுப் போட்டது?"

"அதுக்குப் பெட்டியில்லை."

தாய் தகப்பன் போய் நெடுங்காலம். பிள்ளைகள் இல்லை. பெரியப்பா சித்தப்பா வழியில் கனடாவில் சிலர் இருந்தார்கள். வெளிநாட்டு விலாசம் ஏற்கப்படாது என்று சுற்றறிக்கையின் ஆறாம் பந்தியில் இருந்தது. சறோ விரல்விட்டு எண்ணிக்கொண்டு போய், ஒரு விரலில் நின்றுவிட்டாள். அந்த விரலை மடக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கார்த்திகை நாலாந் திகதி, மத்தியானச் சாப்பாட்டு நேரம், நொத்தாரிசு கந்தோரில் ஒருவருமில்லாதபோது, முத்துலிங்கம் படிவத்தைத் தட்டச்சுப் பொறியில் செருகினார். தேடுபவரின் அடையாள அட்டைப் பிரதியையும் அதோடு இணைக்கவேண்டும். தர்ஷன் பாண் வாங்கப் போனபோது அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோயிருந்தார். அந்த நாட்களில் அட்டை இல்லாமல் ஒருவரும் வாசற்படி தாண்டமாட்டார்கள். ஆனால் அதற்கு முதல் மாதம் ஏதோ வேலை விண்ணப்பத்துக்காக எடுத்த போட்டோப் பிரதி ஒன்று மிஞ்சியிருந்தது. "உண்மைப் பிரதி" என்று அதில் முத்திரை குத்தியதும் முத்துலிங்கத்தின் கைதான்.

முப்பது வருடத்தில் மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை அவர் தட்டியதில்லை. ஆறாம் பெட்டிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. தம்பி என்னைத் தேடுகிறான் என்பதற்கு என்ன அத்தாட்சி? அவர் நிதானமாக மற்றப் பக்கத்தையும் யோசித்தார். தேடவில்லை என்பதற்கு யாரிடம் அத்தாட்சி இருக்கிறது? சபையிடம் இருக்கிறதா? பதினாறு வருடமாக அவன் எங்கோ ஒரு இடத்தில் நின்று, அண்ணா எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று சத்தியக் கடதாசி முடிக்க யாராவது முன்வருவார்களா?

அவர் தட்டினார். *சுப்பிரமணியம் தர்ஷன். பாமன்கடை.*

ஏழாம் கவுண்டருக்கு அவர் போகமுடியாது என்பதால் சறோ கொண்டுபோனாள். லுத்பியா படிவத்தைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். பதின்மூன்று வருடக் கடிதங்களில் பொருள் என்ற இடத்தில் இருந்த பெயர். எவ்வளவு நேரம் பார்த்தாரென்று சறோவுக்குத் தெரியாது. பின்னால் நின்றவர் செருமினார்.

"இவர் நேரில வரவேணுமோ, பிள்ளை?" என்று சறோ கேட்டாள். கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"தேவல்ல அன்ரி. பதினோராம் பந்தில ஈக்கிது. தேடுறவர் தேடிட்டு ஈக்கிறதால நேர்ல வரத் தேவல்ல." லுத்பியா தலையை நிமிர்த்தவில்லை. "ஒன்பதாம் பந்தில இன்னொன்டும் ஈக்கிது. தேடுறவர் உசிரோட ஈக்கிறவர் என்டுதான் எடுக்கணும். மவுத்தானவங்க தேடுறல்ல தானே."

அவர் தட்டினார். மணி அடித்தது.

---

மார்கழி முப்பத்தோராந் திகதி காலை ஒன்பது மணிக்கு அரைக்கத் தொடங்கினார்கள். முத்துலிங்கம் சபைக்கு முன்னால் வீதியின் மற்றப் பக்கத்தில் நின்றார். அவரைப் போலவே இன்னும் பலர் நின்றார்கள். மதில் தாண்டி அந்த அரிசி ஆலைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நிஸாம் நானாவின் இரண்டு பக்கமும் எந்தச் சத்தத்தில் போயின என்று கண்டுபிடிக்க அவர் முயன்றார். எல்லாச் சத்தமும் ஒரே மாதிரி இருந்தது.

மத்தியானம் பிரசாந் வெளியே வந்தார். வீதியின் மற்றப் பக்கம் நின்றவர்களைக் கண்டதும், மறந்துபோன சாமானை எடுக்கப் போகிறவர்போல மறுபடியும் உள்ளே போய்விட்டார். வாசலில் அந்தூரியச் சாடிகள் இப்போது நாற்பதுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றின் அடியிலும் சாம்பல் நிறம். அப்படிப்பட்ட மண்ணில் பூ வரும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். ஆனால் நன்றாக வந்திருந்தது.

தை பதின்மூன்றாந் திகதி, பொங்கலுக்கு முதல்நாள், பாமன்கடை வீட்டு மணி அடித்தது. முத்துலிங்கம் திறந்தார். தபாற்காரர் நீல உறை ஒன்றையும் ஒரு சிட்டையையும் நீட்டினார்.

"தர்ஷன் எங்கிறது யாரு? பதிவுத் தபால். அவர்தான் ஸைன் பண்ணணும்."

பதினாறு வருடத்தில் அந்தப் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது அதுதான் முதல் தடவை. திரு. சு. தர்ஷன் என்று தெளிவாக அச்சடித்திருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று முத்துலிங்கத்துக்குத் திறக்காமலே தெரியும். *தாங்கள் தேடிவரும் முத்துலிங்கம் தொடர்பாக: மாற்றமில்லை.* அவர் உறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆள் இங்கதானே இருக்கிறாரு?" என்றார் தபாற்காரர். "இல்லன்டா திருப்பி அனுப்பணும்."

குசினிக்குள்ளிருந்து சறோ ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கணவரை ஒருபக்கம் விலக்கி, சிட்டையையும் பேனையையும் வாங்கினாள்.

"இஞ்சதான் இருக்கிறார்," என்றாள். "இப்ப வெளியில போயிட்டார். தமையனைத் தேடி."